தொய்வு

"இழுத்துக் கட்டாதே, மசாலா" என்றான் குல்சமான்.
மாசிலாமணி என்ற பெயர் அவன் வாயில்
எட்டு வருடமாக அப்படித்தான் வெந்துகொண்டிருக்கிறது.
என்னைவிடப் பத்து வயது இளையவன்.

நான் இழுத்துக் கட்டினேன்.

காரணம், முந்தின இரவு மொஃபிசுல் காட்டிய வீடியோ.
கனடாவில் ஏதோ ஒரு மலைச்சரிவு.
முழங்கால் பனி. இலை உதிர்ந்த மேப்பிள் மரங்கள்.
துளையிட்ட மரத்திலிருந்து துளையிட்ட மரத்துக்கு
நெஞ்சு உயரத்தில் ஓடுகிறது நீலக் குழாய்.
கையுறை போட்ட ஒருவன்
கடைசி மரத்தைச் சுற்றிவந்து
கொக்கியை இன்னும் ஒரு பல் இறுக்கி
விரலால் சுண்டுகிறான்.
டொய்ங்.

குழாய் பாடுமா?
அறையில் ஆறு பேரும் சோற்றுக் கையோடு கேட்டோம்.
தொங்கினால் தங்கும், தங்கினால் புளிக்கும்
என்றானாம் அவன்.
மொஃபிசுலின் ஆங்கிலம். எவ்வளவு சரியோ.

வஃப்ராவில் மலையும் இல்லை, சரிவும் இல்லை.
கறுப்புக் குழாய், கட்டைவிரல் தடிமன், நூறு மீட்டர் சுருள்.
பேரீச்சை பதின்மூன்று, ஒரே வரிசை.
மரத்துக்கு நான்கு சொட்டுவான்.

டிசம்பர் மதியம்.
வெயிலில் கிடந்த குழாய் வெந்த சேமியாபோலக் குழைந்தது.
இடுப்பில் ஒரு சுற்று, குதிகாலை மணலில் புதைத்து
பின்னால் சாய்ந்து இழுத்தேன்.
கம்பி முளையில் மூன்று சுற்று, முடிச்சு.
அடிகோல் வைத்துக் கிழித்த கோடு.

கஃபீல் அபூ மிஷாரி வண்டியை நிறுத்தி
கண்ணாடியை இறக்கி
"ஸைன்" என்று சொல்லிப் போனார்.
எட்டு வருடத்தில் அது நான்காவது ஸைன்.
குனிந்து சுண்டினேன்.
பாடியது.

இரவு நான்கு டிகிரி.

சூட்டில் நீள்வது குளிரில் சுருங்கும் என்பது எட்டாம் வகுப்பு.
தண்டவாளத்தில் இடைவெளி விடுவது ஏன்? இரண்டு மதிப்பெண்.
எழுதி வாங்கியிருக்கிறேன்.
நூறு மீட்டருக்கு ஒன்றரை முழம்
இருட்டில், யாரையும் கேட்காமல்
தன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது குழாய்.
முளை விடவில்லை.
முடிச்சு விடவில்லை, நான் போட்டது.
ஏழாம் மரத்தடி இணைப்பு விட்டது.

விடிந்தபோது மணலில் ஒரு குளம்.
கொண்டலாத்தி ஒன்று கொண்டை விரித்துக் குளித்தது.
பக்கத்து ஆட்டுப்பட்டி நாய் நக்கிக்கொண்டிருந்தது.
தொட்டியைத் தட்டினால் பட்டினி வயிற்றின் சத்தம்.
எட்டிலிருந்து பதின்மூன்றுவரை
எறும்புக்குக்கூட ஈரமில்லை.
தண்ணீர் வண்டி பதினான்கு தினார்,
அதில் எட்டு என் கணக்கில்.

குல்சமான் "சொன்னேனே" என்று சொல்லவில்லை.
வீடியோவைக் காட்டச் சொன்னான்.
இரண்டு முறை பார்த்தான்.
"அது கொடுக்கிற மரம். சாறு நிற்காமல் இறங்கணும்.
இது குடிக்கிற மரம். இதுக்கு என்ன அவசரம்?"
பிறகு, கனடாவில் சம்பளம் எவ்வளவு என்றான்.

மறுநாள் நாலரைக்கே போய்விட்டோம்.
இருப்பதிலேயே குழாய் குட்டையாக இருக்கும் நேரம்.
விறைத்த விரல்களால் பிரித்து விட்டோம்,
வளைந்து நெளிந்து
பல் போன சீப்பால் வகிடு எடுத்ததுபோல.
கொக்கிகளைக் குத்தினோம்
குழாயைப் பிடிக்காமல், வழி மட்டும் காட்டும்படி.
ஒவ்வொரு மரத்திலும் என் கை இழுக்கப் போனது.
ஒவ்வொரு மரத்திலும் குல்சமான் இருமினான்.

பத்து மணிக்கு அபூ மிஷாரி வந்தார்.
இறங்கினார்.
கோணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஸைன் இல்லை.

மதியம் அது வெயிலில் மெல்லப் புரண்டு
இன்னும் கொஞ்சம் கெட்டது வரிசை.
யாரும் இல்லாதபோது குனிந்து சுண்டினேன்.
சத்தமே இல்லை.
ஏழாம் மரத்தடியில், எட்டாம் மரத்தடியில்
மணல் கறுத்துக்கொண்டிருந்தது.